பூங்காப் பக்கத்துத் தகரம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கமலா பாக் பூங்காவில் அப்போது இருந்தது கல் பெஞ்சா இரும்பு பெஞ்சா என்று கேட்டால்கூடத் தடுமாறுவேன். நளினி ஃபாடக் கல் என்பாள். ஆனால் அவள் எதையுமே அடித்துச் சொல்கிறவள், முழுதாக நம்ப முடியாது. மகிழ மரம் இருந்தது நிச்சயம். யமுனா லிமயேயின் ஜன்னலில் கறுப்புத் தகரம் தொங்கியது நிச்சயம். நடுவில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் யமுனா சொன்னதையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன். அவள் தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

பெயர்தான் பெரிது. புனேயின் நாராயண் பேட்டையில் இரண்டு சந்துகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட துண்டு நிலம்தான் கமலா பாக். ஒரு மகிழ மரம், தண்ணீர் வராத நீரூற்று, மூன்று பெஞ்சு, ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல். வாசலில் காவலாளி ஒரு பலகை மாட்டியிருந்தார்: “மதியம் ஒன்று முதல் நான்கு வரை பூங்கா மூடியிருக்கும். மரத்துக்கும் தூக்கம் வரும்.” எங்கள் பேட்டையில் எல்லோரும் அப்படித்தான். கோபம் வந்தால் கத்த மாட்டார்கள்; எழுதி மாட்டிவிடுவார்கள். மூலை டீக்கடையில் இப்படி இருந்தது: “பேப்பர் படிக்க ஒரு டீ. அதே பேப்பரை மறுபடி படிக்க மறுபடி டீ.” தையல்காரர் கடையில்: “எப்போது தருவீர்கள் என்று கேட்டால் இன்னும் இரண்டு நாள் கூடும்.” படிப்பவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். சண்டை அதோடு முடிந்தது.

பூங்காவின் மேற்கு ஓரத்தில் தாம்லே வாடாவின் முதுகு இருந்தது. நடு முற்றத்தைச் சுற்றி மரத்தூணும் மரப்படியுமாகக் கட்டிய பழைய கூட்டுவீடு. அதன் மாடியில் பூங்காவைப் பார்த்த இரண்டு அறைகளில் யமுனா லிமயே வாடகைக்கு இருந்தாள். அறுபத்தைந்து வயதுக்கு மேல். கணவர் இறந்த பிறகு தனியாள். ஜன்னல் கம்பியில் தகரத்தை மாட்டியவர் அவர்தான். பந்து விளையாடும் பையன்களுக்காக முதலில் எழுதினார்: “இது ஜன்னல். விக்கெட் அல்ல.” அவர் போன பிறகு சாக்பீஸ் அவள் கைக்கு வந்தது. அவருடையதைவிட அவள் எழுத்து கூராக இருந்தது என்பது பேட்டையின் கருத்து. கீழே பெஞ்சில் உட்கார்ந்த காதலர்களுக்கு: “மெதுவாகப் பேசவும். மேலே இருப்பவள் இதையெல்லாம் ஒருமுறை கேட்டு ஏமாந்தவள்.” கடலை தின்பவர்களுக்கு: “பெஞ்சு நகராட்சியுடையது. கடலைத்தோல் உங்களுடையது.” அந்தக் கோடையில் ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டுத் தொல்லை கொடுத்தபோது: “நாக்பூரில் மகனோடு போய் இருக்கலாமே என்பவர்கள் முதலில் நாக்பூர் வெயிலில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து பேசவும்.”

தொல்லைக்குக் காரணம் இருந்தது. தாம்லேயின் வாரிசுகள் வாடாவை ஜக்தாப் என்ற கட்டடக்காரருக்கு விற்றுவிட்டார்கள். குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மிஞ்சியது இரண்டு பேர். பூங்காப் பக்கம் யமுனா. சந்துப் பக்கம் பாஸ்கர் ஆகாஷே. மனைவியை இழந்தவர், வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யமுனாவின் கணவருக்கு நண்பர். அவளை ‘வஹினி’ என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். அவள் அவரை ‘பாவ்ஜி’ என்று கொழுந்தன் முறையில். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் வழக்கென்று வந்தாலும் நிற்கும், ஒருவர் நழுவினால் மற்றவர் தாங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

யமுனாவின் இரண்டு அறைகளில் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. சுவர் ஈரம் காயாது. ஆனால் அங்கே அந்த ஜன்னல் இருந்தது. ஒருமுறை மகன் ஸதீஷ் வீட்டில் ஒரு கோடை முழுவதும் இருந்து பார்த்தாள். எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். அங்கே அவள் ஸதீஷின் அம்மா. இங்கே காலையில் ஜன்னலைத் திறந்தால், மகிழம்பூ பொறுக்க வந்தவர்கள் முதலில் தலையைத் தூக்கி இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை விட்டுப் போவது தன்னை விட்டுப் போவது போல இருந்தது அவளுக்கு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாலையில் மகிழமரத்தடிப் பெஞ்சில் மூன்று பேர் உட்காருவார்கள். யமுனா, ஆகாஷே, எதிர்ச்சந்தில் சொந்த வீட்டில் இருக்கும் நளினி ஃபாடக். நளினி பேசுவாள். ஆகாஷே வானத்தைப் பார்ப்பார்.

“பாவ்ஜி, நாளைக்கு மழை உண்டா?” என்று நளினி தினமும் கேட்பாள்.

“இருக்காது.”

“சரி, அப்ப குடை எடுத்துக்கறேன்.”

ஆகாஷே இதற்குக் கோபப்பட்டதே இல்லை.

ஒரு நாள் காலையில் யமுனா பூப் பொறுக்கக் கீழே இறங்கினாள். ஜக்தாப்பின் ஆள் கோண்டே டீ கிளாஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தொந்தி வைத்த, மரியாதை தெரிந்த ஆள்; அவளை ‘காக்கூ’ என்று சித்தி முறை வைத்துக் கூப்பிடுவான். கையெழுத்து வாங்குவது அவன் வேலை. மூலைக்கடையில் டீ வாங்கிக்கொண்டு இங்கே வந்துதான் குடிப்பான்.

“நாக்பூருக்கு மட்டும் போயிடாதீங்க காக்கூ,” என்றான். “அந்த வெயில் உங்களுக்கு ஆகாது. நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை மாலை போடறதுக்குள்ள நான் மயங்கி விழுந்துட்டேன். அவரை விட்டுட்டு எனக்குத்தான் விசிறினாங்க.”

யமுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நாக்பூர் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?”

“பேட்டையில எது மறைஞ்சிருக்கு காக்கூ?” அவன் டீயை உறிஞ்சினான். “நம்ம புதுக் கட்டடத்துலயே உங்களுக்குத் தரைத்தளம் தரச் சொல்றேன். ஜிலுஜிலுன்னு இருக்கும்.”

முந்தின நாள் மாலைதான் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள்: ஸதீஷ் மறுபடி கூப்பிட்டான், வெயிலைச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன் என்று. கேட்டவர்கள் இரண்டு பேர்.

அன்று அவள் பூவைத் தொடுக்கவில்லை. கிண்ணத்திலேயே வாடிப்போனது.

அடுத்த வாரம் முழங்கால். படியேறக் கஷ்டமாக இருக்கிறது என்று பெஞ்சில் முனகினாள். மறுநாள் பால்காரர், தபால்காரர், காவலாளி என்று ஒவ்வொருவரும் விசாரிக்க ஆரம்பித்ததும் எரிச்சல் வந்து, “முழங்கால் எப்படி என்று கேட்பவர்களுக்கு: படியும் என்னுடையது, முழங்காலும் என்னுடையது, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் வரவேண்டாம்” என்று எழுதி மாட்டினாள். அதற்கு அடுத்த நாள் கோண்டே வந்து, புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரப்போகிறது, முழங்காலுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை என்றான்.

அதன் பிறகு யமுனா பெஞ்சில் உட்கார்ந்தபடி மற்ற இரண்டு முகங்களையும் படிக்கத் தொடங்கினாள்.

நளினி மேல் சந்தேகம் வருவது இயல்பு. பேட்டையின் வானொலி அவள். ஆனால் சொந்த வீட்டுக்காரிக்கு ஜக்தாப்பிடம் என்ன ஆகவேண்டும்? அப்புறம் மிஞ்சுவது ஆகாஷே. இந்தப் பெயரில் வந்து நிற்கும்போதெல்லாம் யமுனா மனதைத் திருப்பிக்கொண்டாள். அது திரும்பவும் அங்கேயே வந்து நின்றது. ஆகாஷே காலில் புதுச் செருப்பு இருந்தது. அவர் புதுச் செருப்பு வாங்கி அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் டீக்கடையில் கோண்டே பக்கத்தில் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். பெஞ்சில் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்து, பிறகு “ஒண்ணுமில்ல வஹினி” என்று நிறுத்தினார். முன்பெல்லாம் அவருடைய மௌனம் அவளுக்கு இதமாக இருந்தது. மூன்று பேரில் ஒருவராவது பேசாமல் இருக்கிறாரே என்று. இப்போது அதே மௌனத்துக்குள் என்னவோ ஓடுவதாகத் தோன்றியது. பேசாதவர்களைப் பற்றி நாம் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் மறுத்துச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். நளினியைத் தனியாகப் பிடித்து, “யார்கிட்டயும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை ஸதீஷ் வரான். கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்,” என்றாள்.

நளினி வாயைப் பொத்திக்கொண்டாள். “நிஜமாவா?”

“சத்தியம் பண்ணு.”

“என் வாய் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?”

“இல்லை.”

“எனக்கும் இல்லை,” என்றாள் நளினி. “ஆனா இதைச் சொல்ல மாட்டேன்.”

ஆகாஷேயிடம் வேறொன்று சொன்னாள். வியாழக்கிழமை மதியம் வக்கீலைப் பார்க்கப் போகிறேன், ஜக்தாப் மேல் கேஸ் போடத்தான், ஒரு உயிருக்கும் தெரியக்கூடாது. ஆகாஷே தலையசைத்தார். “நான் கூட வரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் கேட்டவிதம்கூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

எந்த வக்கீலும் இல்லை. ஆனால் சொன்னதற்காகப் போயாக வேண்டும். வீட்டில் இருந்தால் ஆகாஷே பார்த்துவிடுவார். வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, வெளியே போகும்போது எப்போதும் செய்வது போலத் தகரத்தில் இரண்டு வரி எழுதி மாட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆற்றங்கரைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாய் தூங்கியது. பொய்க்குக் கூலியாக ஒரு மதியத்தைக் கொடுத்துவிட்டு வெயில் இறங்கிய பிறகு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கோண்டே எழுந்து நின்று கும்பிட்டான். “வக்கீல் என்ன சொன்னார் காக்கூ? கேஸ் போட்டா பத்து வருஷம் ஆகும்னு சொல்லியிருப்பாரே. உண்மையைச் சொல்ற வக்கீலா இருந்தா.”

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நளினி வாயைக் காப்பாற்றியிருந்தாள், அநேகமாக வாழ்க்கையில் முதல்முறையாக.

யமுனா படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகாஷேயின் கதவு முற்றத்தின் மறுபக்கம்தான் இருந்தது. போய்த் தட்டியிருக்கலாம். முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். அவள் வளர்ந்த பேட்டையில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. தகரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள்:

“நண்பர்களுக்கு அறிவிப்பு. இந்தப் பெஞ்சில் பேசுவது ஜக்தாப் அலுவலகத்தில் கேட்கிறது. எனவே இனி வானிலை தவிர வேறெதுவும் பேசவேண்டாம். வானிலையும் யாரிடம் விலைபோகும் என்று தெரியாது.”

மாலையில் ஆகாஷே குடையோடு வந்தார். நளினி முன்பே வந்து படித்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். ஆகாஷே நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஜன்னலுக்குப் பின்னால் யமுனா நின்றிருந்தாள். அவருக்கு அது தெரியும். மறுப்பாக ஒரு சொல் சொல்வார், கோபித்தாவது கத்துவார் என்று காத்திருந்தாள். மகிழ மரத்திலிருந்து பூ உதிர்கிற சத்தம் கேட்குமா என்றால் கேட்காது. அன்றைக்குக் கேட்டதாக நளினி சொல்கிறாள்.

“உட்காருங்க பாவ்ஜி,” என்றாள் நளினி.

“இல்லை. மழை வரும் போல இருக்கு,” என்று ஆகாஷே திரும்பி நடந்தார். வானத்தில் மேகமே இல்லை.

அன்றிலிருந்து அவர் பூங்கா வழியாக வருவதை நிறுத்தினார். சந்துப் பக்கத்து வாசலால் போனார், வந்தார். முற்றத்தில் எதிர்ப்பட்டால் யமுனா தலையைத் திருப்பிக்கொண்டாள். தன் சந்தேகம் சரியென்று அவர் ஒதுங்குவதே சொல்கிறது என்று நினைத்தாள். மழைக்காலம் தொடங்கியது. பெஞ்சு நனைந்து கிடந்தது. நளினி மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு நாள் கூப்பிட்டாள்.

“கேட்டீங்களா? ஆகாஷே கையெழுத்துப் போட்டுட்டார்.”

“எனக்குத் தெரியும், போடுவார்னு.”

“என்ன தெரியும் உங்களுக்கு?” நளினியின் குரல் மாறியது. “எதுக்கு இப்படிப் பண்ணினீங்கன்னு நான் போய்க் கேட்டேன். ‘நான் அந்த வீட்டுக்காகவா இருந்தேன்?’ன்னு கேட்டார். நான் கிளம்பினப்போ எழுந்து வந்து கதவைக்கூடச் சாத்தலை. நானே சாத்திட்டு வந்தேன்.”

யமுனா ஜன்னலை மூடினாள். அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே நின்றது.

மழை விட்ட ஒரு காலையில் கோண்டே வந்தான். பெஞ்சில் செய்தித்தாளை விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். யமுனா இறங்கிப் போய் அவன் எதிரே நின்றாள்.

“இனிமே நான் தனி ஆள். ஜெயிச்சிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆகாஷே எத்தனை நாளா உங்களுக்குச் சேதி சொல்லிட்டு இருந்தார்?”

“யாரு, குடைக்காரரா?” கோண்டே உண்மையாகவே திகைத்தான். “அவர் என்கிட்டப் பேசினதே ரெண்டு தடவை. டீக்கடையில ஒரு தடவை ‘அந்த அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே’ன்னார். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ‘பேனா எங்கே’ன்னார்.”

“பொய். நாக்பூர், முழங்கால், வக்கீல். எல்லாம் எப்படித் தெரிஞ்சுது?”

கோண்டே அவளையே பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு டீ கிளாஸோடு கையை மெல்லத் தூக்கி ஜன்னலைக் காட்டினான்.

“நீங்கதானே காக்கூ எழுதி மாட்டறீங்க?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே நின்று, பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கிற இடத்திலிருந்து, அந்தத் தகரத்தை அவள் பல வருடங்களாக நிமிர்ந்து படித்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. சந்து முனையிலிருந்துகூடப் படிக்கலாம்.

“இதுக்காகத்தான் நான் டீயை இங்க கொண்டாந்து குடிக்கிறதே,” என்றான் கோண்டே. “ஜக்தாப் சாஹேப் தினமும் கேட்பார், லிமயே காக்கூ இன்னிக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு. அந்த வியாழக்கிழமை நீங்க எழுதினதை அப்படியே போய்ச் சொன்னேன். ‘வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறேன். எங்கே போனாள் என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டாம்.’ ஆபீஸே சிரிச்சுது.”

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. புகழ்வதாகவே நினைத்துச் சொன்னான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தகரத்தில் எழுதுவதை அவள் பேச்சாக ஒருபோதும் எண்ணியதில்லை. பேச்சை நிறுத்துவதற்கான வழி அது. கேட்கிறவன் வாயை மூட ஒரு வரி, மாட்டியதும் மறந்துவிடுவாள். கதவைச் சாத்தினோம் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் கதவை விரியத் திறந்து வைத்திருக்கிறாள்.

அவள் படியேறினாள். தன் அறைக்குப் போகவில்லை. முற்றத்தைச் சுற்றிப் போய் ஆகாஷேயின் கதவைத் தட்டினாள். பாதி சாமான் மூட்டையாகக் கட்டியிருந்தது. அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அடுப்பில் டீ வைத்தார். இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தார். டீ ஆறி ஆடை படிந்தது.

“தகரம்,” என்றாள் யமுனா கடைசியில்.

“தெரியும் வஹினி.”

“எப்போ தெரியும்?”

“அந்த வியாழக்கிழமையே. எனக்கு மட்டும் சொன்ன ரகசியம், திரும்பிப் பார்த்தா ஜன்னல்ல தொங்குது. ஜக்தாப்பைப் பயமுறுத்த வேணும்னேதான் எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன். நல்ல தந்திரம்னு சிரிச்சுக்கிட்டேன். அதுக்கு முன்னாடி முழங்கால் சமாச்சாரத்துக்கே சொல்ல நினைச்சேன். உங்க எழுத்துல நான் கைவைக்கிற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்.”

“அன்னிக்குச் சாயங்காலம் சொல்லியிருக்கலாமே. அந்த அறிவிப்பைப் படிச்சிட்டு நின்னீங்களே.”

ஆகாஷே யோசித்தார். “சொல்லியிருக்கலாம்,” என்றார். “ஆனா அதை நீங்க நம்பி எழுதியிருந்தீங்க. நான் அப்படிப்பட்டவன்னு உங்களால நினைக்க முடிஞ்சுது. அதுக்கப்புறம் சொல்லி என்ன?”

“நான் தப்பு பண்ணிட்டேன் பாவ்ஜி.” எழுத்தில் இல்லாமல் வாயால் அவள் இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

“கையெழுத்துப் போட்டாச்சு வஹினி,” என்றார் அவர், சாந்தமாக. “டீயைச் சூடு பண்ணித் தரேன்.”

அவ்வளவுதான். ஆகாஷே அந்த மாத முடிவில் மும்பைக்குப் பக்கத்துத் தாணே நகரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். மூன்று வருடம் கழித்து அங்கேயே இறந்தார். அவர் போன அடுத்த மாதம் யமுனாவும் கையெழுத்துப் போட்டாள். தரைத்தளம் தருவதாகச் சொன்னது காகிதத்தில் வரவில்லை. நாக்பூருக்குப் போனாள், எட்டு வருடம் இருந்தாள், அங்கே எந்த ஜன்னலிலும் எதையும் மாட்டவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தபோதுதான் இதையெல்லாம் சொன்னாள். கோண்டே பிறகு சொந்தமாக ஒரு டீக்கடை வைத்தான். தாம்லே வாடா இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. கமலா பாக்கில் சாயங்காலம் வெயில் விழுவதில்லை. நளினி ஃபாடக் இன்னும் அந்தப் பெஞ்சுக்கு வருகிறாள், குடையோடு. பெஞ்சு இப்போது சிமென்ட்.